இல்லாத புரதமா, காணத் தவறிய புரதமா?

நீண்ட பதிவு. உயிரியலும் மருத்துவமும் பயிலும் ஆய்வு மாணவர்களுக்காகவும், அவர்தம் நெறியாளர்களுக்காகவும் எழுதுகிறேன். மறுக்க விரும்புவோர் கீழே மறுக்கலாம். தரவுடன் மறுத்தால் மகிழ்வேன்.

மார்பகப் புற்றுநோய் குறித்து நம் நாட்டில் எழுதப்படும் முனைவர் பட்ட ஆய்வேடுகளின் முதல் இயலில் ஒரு கூற்று திரும்பத் திரும்ப வருகிறது. சொற்கள் மாறும், பொருள் மாறாது. மேலைநாட்டுப் பெண்களின் மார்பகப் புற்றுநோயில் பெரும்பகுதி ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உடையது. இந்தியப் பெண்களின் நோயில் பெரும்பகுதி அவ்வேற்பி அற்றது. ஆகவே இந்தியப் பெண்ணின் நோய் உயிரியல் நிலையிலேயே வேறானது, கொடியது. கூற்றின் முடிவில் மூன்று மேற்கோள் எண்கள் நிற்கும். அவ்வெண்களைப் பின்தொடர்ந்து சென்றால், பெரும்பாலும் வேறு மூவர் எழுதிய முன்னுரைகளை அடைவோம். அவர்களும் அதையே பிறரிடமிருந்து எடுத்திருப்பார்கள்.

இக்கூற்று, எழுதப்படும் வடிவில், அறிவியல் அன்று என்பது என் வாதம். ஒரு புரதம் உடலில் இல்லை என்பதற்கும், நம் ஆய்வகத்தில் அது தென்படவில்லை என்பதற்கும் உள்ள வேறுபாட்டை விழுங்கிவிட்ட கூற்று அது. அந்த வேறுபாட்டின் விலையைக் கொடுப்பவர்கள் நாம் அல்லர். அறுவைக் கூடத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் வாளியில் தம் திசுவை அனுப்பிவிட்டு, சோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் பெண்கள்.

முதலில் புரதத்தைப் பற்றிப் பேசுவோம். 1896இல் கிளாஸ்கோவின் அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், முற்றிய மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்ணின் சூலகங்களை அகற்றியபோது கட்டி சுருங்கியதைப் பதிவு செய்தார். ஏன் சுருங்கியது என்பதற்கு அவரிடம் விடையில்லை. ஹார்மோன் என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை. விடையின் தொடக்கம் 1950களின் இறுதியில் சிகாகோவில் கிடைத்தது. எல்வுட் ஜென்சன், கதிரியக்க ஹைட்ரஜன் ஏற்றப்பட்ட எஸ்ட்ராடையாலை எலிகளுக்குச் செலுத்தி, கருப்பை போன்ற சில திசுக்கள் மட்டும் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதைக் கண்டார். பிடித்து வைத்தது ஒரு புரதம். இன்று அதன் 595 அமினோ அமிலங்களின் வரிசையும் நமக்குத் தெரியும்.

ஹார்மோன் இல்லாத வேளையில் இந்த ஏற்பி, வெப்ப அதிர்ச்சிப் புரதங்களின் அரவணைப்பில் செயலற்றிருக்கும். எஸ்ட்ராடையால் வந்து பொருந்தியதும் அதன் பன்னிரண்டாம் சுருள் இடம் பெயர்ந்து, ஹார்மோன் அமர்ந்த குழியின் மேல் மூடிபோல் படிகிறது. அப்படிப் படியும்போது ஏற்பியின் மேற்பரப்பில் ஒரு பள்ளம் உருவாகிறது. துணைச் செயலூக்கிகள் எனப்படும் பிற புரதங்கள் வந்து பொருந்தும் இடம் அதுவே. அவற்றுள் ஒன்றான எஸ்ஆர்சி-3 என்ற புரதத்தின் மரபணு, மார்பகப் புற்றுக்கட்டிகள் சிலவற்றில் பல மடங்காகப் பெருகியிருப்பது 1997இல் அறியப்பட்டது. இரண்டு ஏற்பிகள் இணைந்து டிஎன்ஏவில் அமர வேண்டும். ஆனால் சுருண்டு இறுகிய குரோமாட்டினில் தாமாக அமர அவற்றால் இயலாது. ஃபாக்ஸ்ஏ1 என்ற முன்னோடிப் புரதம் முன்கூட்டியே அவ்விடத்தைத் திறந்து வைத்திருக்க வேண்டும். இவ்வளவும் நிகழ்ந்தபின் சைக்ளின் டி1 பெருகுகிறது; அது சிடிகே4, சிடிகே6 என்னும் நொதிகளுடன் சேர்ந்து, உயிரணுப் பிரிவுக்குப் பூட்டாக இருக்கும் ஆர்பி புரதத்தின் மேல் பாஸ்பேட்டை ஏற்றுகிறது; பூட்டு திறக்கிறது.

பாடநூல்கள் கடந்து செல்லும் ஒரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். நோயற்ற மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உடைய உயிரணுக்கள் அநேகமாகப் பிரிவதே இல்லை. அவை ஹார்மோனின் செய்தியைக் கேட்டு, அண்டையிலுள்ள ஏற்பி அற்ற உயிரணுக்களுக்கு வேறு சமிக்ஞைகள் மூலம் கடத்துகின்றன. பிரிவது அந்த அண்டை உயிரணுக்களே. 1997இல் மான்செஸ்டர் ஆய்வாளர்கள் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். புற்றுநோயில் இந்தப் பங்கீடு குலைந்துபோகிறது. கேட்பதும் பிரிவதும் ஒரே உயிரணுவாகிவிடுகிறது. ஆக, ‘ஹார்மோன் சார்ந்த வளர்ச்சி’ என்று நாம் ஒரு சொல்லில் முடித்துவிடுவது, ஒரு திசுவின் உறவுமுறை உடைந்ததன் விளைவு.

இந்த ஏற்பி செயல்படுகிறதா என்பதற்கு நல்லதொரு சாட்சி உண்டு: புரோஜெஸ்டிரோன் ஏற்பி. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இயங்கினால்தான் புரோஜெஸ்டிரோன் ஏற்பியின் மரபணு வலுவாக வெளிப்படும். 1975இல் ஹார்விட்சும் மக்வயரும் இதனையே அடிப்படையாகக் கொண்டு, முதலாவது இருப்பதோடு இரண்டாவதும் இருந்தால் ஹார்மோன் சிகிச்சை பயன்தரும் வாய்ப்பு மிகும் என்று முன்மொழிந்தார்கள். அடுப்பு எரிந்தால் புகை வரும். புகை இருக்கிறது, அடுப்பே இல்லை என்று ஒருவர் சொன்னால், அவர் அடுப்பைச் சரியாகத் தேடவில்லை என்றுதான் முதலில் ஐயுற வேண்டும்.

இப்போது நம் நாட்டின் தரவுக்கு வருவோம். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையிலிருந்து 798 கட்டிகளை ஆராய்ந்த கட்டுரை 2000இல் வெளியானது. இந்தியப் பெண்களின் ஏற்பி நிலை பற்றி மிகுதியாக மேற்கோள் காட்டப்படும் ஆய்வுகளுள் ஒன்று அது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருந்தவை 32.6 விழுக்காடு. நம் முன்னுரைகள் இந்த எண்ணை எடுத்துக்கொண்டு ஓடிவிடுகின்றன. அடுத்த எண்ணை யாரும் நின்று படிப்பதில்லை: புரோஜெஸ்டிரோன் ஏற்பி இருந்தவை 46.1 விழுக்காடு. அடுப்பைவிடப் புகை அதிகம்! ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இல்லை, புரோஜெஸ்டிரோன் ஏற்பி உண்டு என்ற வகையில் மட்டும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட கட்டிகள் இருந்தன. தரக்கட்டுப்பாடு இறுகிய ஆய்வகங்களில் இந்த வகை நூற்றுக்கு ஓரிரண்டு, மிஞ்சினால் நான்கு. அந்த ஓரிரண்டும் மறுசோதனையில் நிலைப்பதில்லை என்றும், அது மீண்டும் மீண்டும் உறுதிப்படுத்தத்தக்க தனி நோய்வகையே அன்று என்றும் 2013இல் வேறொரு குழு வாதிட்டது.

அந்த மும்பை ஆய்வைச் செய்தவர்களைக் குறை கூறுவது என் நோக்கம் அன்று. தாம் கண்டதை ஒளிக்காமல் அட்டவணையில் வைத்தார்கள். அந்த அட்டவணையில்தான் சான்று கிடக்கிறது. 2005இலேயே இந்திய நோய்க்குறியியல் இதழில் வந்த ஒரு கட்டுரை, இந்தியர்களிடம் மிகுதியாகக் காணப்படும் இந்த வகை உண்மையா புனைவா என்று தலைப்பிலேயே கேட்டது. நோய்க்குறியியலாளர்கள் அன்றே விழித்துக்கொண்டார்கள். ஆய்வேடு எழுதும் நாமோ இருபது ஆண்டுகள் கழித்தும் 32.6ஐ உருப்போட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஏன் காணாமற்போகிறது இந்தப் புரதம்? அதன் பயணத்தைப் பாருங்கள். இரத்த ஓட்டம் அறுபட்ட கணத்திலிருந்து திசு தன்னைத்தானே செரிக்கத் தொடங்குகிறது. ஃபார்மலின் அதைத் தடுத்து நிறுத்த வேண்டும். ஆனால் ஃபார்மலின் திசுவுக்குள் மெல்ல நுழைவது. மணிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் என்பது பொதுக் கணக்கு. முழு மார்பகத்தையும் அறுக்காமல், போதாத ஃபார்மலினில், கொழுப்பு சூழ்ந்தபடியே போட்டு மூடினால், நடுவில் உள்ள கட்டி அந்தத் திரவத்தைக் காண்பதற்குள் ஓர் இரவு கழிந்துவிடும். மாவட்ட மருத்துவமனையில் வெள்ளியன்று நடந்த அறுவை, ஆய்வகத்தில் திங்களன்று திறக்கப்பட்டால் என்ன மிஞ்சியிருக்கும்? மறுபுறம், ஃபார்மலினில் வெகுநாள் கிடந்தாலும் கேடு. புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து, எதிர்ப்பொருள் பற்றிக்கொள்ளும் இடம் மறைந்துபோகிறது. 1991இல் திசுச் சீவல்களை நுண்ணலை அடுப்பில் சூடாக்கி அந்த இடத்தை மீட்கும் முறை வந்தது. அம்முறையும், சூட்டின் அளவும் கரைசலின் அமிலத்தன்மையும் சரியாக இருந்தால்தான் பலிக்கும். எதிர்ப்பொருள் எந்த உயிரணு வழியிலிருந்து வந்தது, எவ்வளவு நீர்க்கப்பட்டது, குளிர்பெட்டியில் மின்சாரம் எத்தனை முறை போனது என்பவையும் உண்டு.

2010இல் வெளியான அமெரிக்க வழிகாட்டு நெறிகள், அறுவைக்கும் ஃபார்மலினுக்கும் இடையே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகக்கூடாது, ஃபார்மலினில் 6 முதல் 72 மணி நேரம் இருக்க வேண்டும் என்றன. நூறில் ஓர் உயிரணுக் கரு நிறமேறினாலே ஏற்பி உண்டு என்று கொள்ளவேண்டும் என்றும் வரையறுத்தன. அதற்குமுன் பல இடங்களில் எல்லை 10 விழுக்காடு. எல்லை மாறினால் விகிதம் மாறும். 10 விழுக்காட்டு எல்லையில் எடுத்த பழைய இந்திய எண்ணையும் 1 விழுக்காட்டு எல்லையில் எடுத்த புதிய அமெரிக்க எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘இன வேறுபாடு’ என்று எழுதுவதை ஒப்பீடு என்று எந்தப் புள்ளியியல் ஆசிரியர் ஏற்பார்?

இதனினும் எளிய ஒரு சோதனை உண்டு. இயந்திரம் வேண்டாம், பணம் வேண்டாம். கட்டியைச் சுற்றியுள்ள நோயற்ற பால்நாளங்களில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உடைய உயிரணுக்கள் இயல்பாகவே சிதறிக் கிடக்கும். அதே கண்ணாடித் தகட்டில் அந்த நாளங்களாவது நிறமேறியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நாளமும் வெளுத்து, கட்டியும் வெளுத்திருந்தால், ‘ஏற்பி இல்லை’ என்று அறிக்கை எழுதக்கூடாது. ‘இச்சோதனை செல்லாது’ என்றே எழுத வேண்டும். நான் வாசித்த ஆய்வேடுகள் பலவற்றில் இந்த ஒரு வரிக்கு இடமே இல்லை. அட்டவணையில் நேர்மறை, எதிர்மறை என இரண்டே பத்திகள்தாம். செல்லாதவை எங்கே போயின? எதிர்மறைக்குள் போயின.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நம் ஆய்வகங்கள் ஆடிய ஆட்டத்துக்குப் பெண்களின் உடலைக் கோணல் என்று எழுதி வைத்திருக்கிறோம்.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அது வலுவானது, அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. இந்தியாவில் நோய் காணும் வயது மேலைநாடுகளைவிட ஏறத்தாழப் பத்தாண்டு குறைவு. மாதவிடாய் நிற்பதற்குமுன் வரும் கட்டிகளில் ஏற்பி அற்றவை எங்குமே சற்று அதிகம். எனவே வேறுபாட்டில் ஒரு பகுதி மெய்யாகவே இருக்கும். இதை அளக்க அழகான வழி ஒன்று உள்ளது: அமெரிக்காவில் வாழும் இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளிப் பெண்களைப் பார்ப்பது. மரபணு இங்குள்ளது, ஆய்வகம் அங்குள்ளது. அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேட்டைக் கொண்டு 2010இல் வெளியான ஆய்வில், இரு ஏற்பிகளும் அற்ற கட்டிகள் இப்பெண்களிடம் ஏறத்தாழ 31 விழுக்காடு, வெள்ளையினப் பெண்களிடம் ஏறத்தாழ 22 விழுக்காடு. வேறுபாடு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 798 கட்டிகளின் அட்டவணையில் இரண்டும் அற்றவை 46 விழுக்காட்டுக்கு மேல். இடைப்பட்ட பதினைந்து புள்ளிகளுக்கு யார் பொறுப்பு? புலம்பெயர்ந்தோர் வசதி படைத்தோர், அவர்களின் மகப்பேறும் உணவும் வேறு, அவர்கள் நோய் சற்று முன்னரே கண்டறியப்படுகிறது என்பீர்கள். இருக்கட்டும், அவற்றையும் கழித்துப் பாருங்கள். கழித்துப் பார்க்காமல் மொத்தத்தையும் இனத்தின் கணக்கில் எழுதுவதைத்தான் எதிர்க்கிறேன்.

இது வெறும் கணக்குப் பிணக்கு என்று நினைப்போருக்கு, மருந்தைப் பற்றிச் சில சொற்கள். டாமாக்சிஃபென் முதலில் கருத்தடைக்காகத் தேடப்பட்ட சேர்மம். 1962இல் பிரித்தானிய ஐசிஐ நிறுவனத்தில் டோரா ரிச்சர்ட்சன் அதைத் தொகுத்தார். கருத்தடைக்கு உதவவில்லை, புற்றுநோய்க்கு உதவியது. ஏற்பி உடைய கட்டி கண்ட பெண்கள் ஐந்தாண்டு இதை உட்கொண்டால், பதினைந்தாண்டுக் காலத்தில் அந்நோயால் இறப்போர் விகிதம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. உலகெங்கும் நடந்த சோதனைகளைத் தொகுத்து 2011இல் வெளியிடப்பட்ட முடிவு இது. ஏற்பி அற்றவர்களுக்குப் பயன் இல்லை. நம் நாட்டில் மாத்திரை ஒன்று சில ரூபாய். தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் உள்ளது. புற்றுநோய் மருந்துகளில் இத்தனை மலிவாக இத்தனை உயிர் காக்கும் மருந்துகள் மிகச் சில. அந்த மாத்திரைக்கும் பெண்ணுக்கும் நடுவே நிற்பது ஒரு கண்ணாடித் தகட்டின் பழுப்பு நிறம்.

உலகப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஓராண்டில் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டவர்கள் சுமார் 1,92,000 பேர். இறந்தவர்கள் சுமார் 98,000 பேர். தவறாக ‘இல்லை’ என்று குறிக்கப்படுவோர் எத்தனை பேர் என்று எவரும் எண்ணிச் சொல்லவில்லை. வெறும் நூற்றுக்கு ஐந்து என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 9,600 பெண்கள். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி தவறிப்போய்ப் புரோஜெஸ்டிரோன் ஏற்பி மட்டும் தப்பிய பெண்ணுக்காவது மருத்துவர் மாத்திரை எழுதிவிடுவார். இரண்டும் தவறிப்போனவளுக்கு? அவளை ‘மும்மை எதிர்மறை’ என்ற பெட்டியில் போட்டு, கடும் வேதிச் சிகிச்சை மட்டும் கொடுத்து அனுப்புகிறோம். பிறகு அவள் நோய் திரும்பும்போது, இந்தியப் பெண்களின் நோய் கொடியது என்பதற்கு அவளே சான்றாகிறாள். இந்திய ஆய்வுகளைத் தொகுத்த 2016ஆம் ஆண்டுக் கட்டுரை மும்மை எதிர்மறை விகிதத்தை 31 விழுக்காடு என்றது. அமெரிக்காவில் அது 10 முதல் 15. அந்த 31க்குள் செல்லாத சோதனைகள் எத்தனை என்று கேட்காமலே அதன் மேல் நிதி விண்ணப்பங்கள் எழுதப்படுகின்றன.

இனி நம் சொந்தக் கூடத்துக்கு வருகிறேன். நோய்க்குறியியலாளர்களாவது தம் குறையைத் தாமே கண்டு எழுதினார்கள். உயிர்வேதியியல், உயிரித் தொழில்நுட்பத் துறைகளில் நாம் செய்வது என்ன?

ஒரு செடியைத் தேர்ந்தெடுக்கிறோம். இலையை உலர்த்தி, மெத்தனாலில் ஊறவைத்து, சாற்றை எம்சிஎஃப்-7 உயிரணுக்களின் மேல் ஊற்றுகிறோம். எம்டிடி சோதனையில் ஊதா நிறம் குறைகிறது. பிறகு அச்சாற்றிலுள்ள ஒரு மூலக்கூற்றைக் கணினியில், புரதத் தரவு வங்கியின் 3ஈஆர்டி என்னும் கட்டமைப்போடு பொருத்திப் பார்க்கிறோம். மைனஸ் எட்டோ ஒன்பதோ வருகிறது. ‘இச்செடி ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோய்க்கு எதிரானது’ என்று முடிவுரை எழுதுகிறோம். செடியின் பெயரை மட்டும் மாற்றி அடுத்த மாணவர் தொடர்கிறார்.

3ஈஆர்டி என்பது என்ன? 1998இல் வெளியான அந்தக் கட்டமைப்பு, டாமாக்சிஃபெனின் செயல்வடிவம் குடியேறிய ஏற்பியுடையது. அதில் பன்னிரண்டாம் சுருள் ஏற்கனவே இடம் பெயர்ந்து, துணைச் செயலூக்கி அமர வேண்டிய பள்ளத்தை அடைத்து நிற்கிறது. டாமாக்சிஃபெனின் நீண்ட பக்கச் சங்கிலிதான் அதைத் தள்ளியது. அதாவது ஏற்பி தடுக்கப்பட்ட நிலையிலேயே உறைந்திருக்கிறது. நாம் மருந்தை எடுத்துவிட்டு நம் செடியின் மூலக்கூற்றை அந்தக் காலி இடத்தில் வைத்து, நன்றாகப் பொருந்துகிறது, எனவே தடுக்கிறது என்கிறோம். எஸ்ட்ராடையாலை அங்கே வைத்தாலும் பொருந்தும்! குழிக்குள் பொருந்துவது ஏற்பியைத் தூண்டவும் கூடும், தடுக்கவும் கூடும். இரண்டையும் பிரிப்பது சுருளின் இருப்பிடம். அசையாத புரதத்தில் செய்யும் டாக்கிங் அதைப் பற்றி எதுவும் சொல்லாது.

இது ஏட்டுத் தவறு மட்டும் அன்று. சோயாவிலுள்ள ஜெனிஸ்டீன் குறைந்த செறிவில் எம்சிஎஃப்-7 உயிரணுக்களை வளர்க்கிறது, மிகுந்த செறிவில் கொல்கிறது என்பது 1990களிலிருந்து தெரிந்த செய்தி. நூறு மைக்ரோமோலார் ஊற்றிக் கொன்றுவிட்டு மகிழ்ந்தால், மனித இரத்தத்தில் எட்டக்கூடிய செறிவில் அதே பொருள் கட்டிக்கு உரமிடுகிறதா என்பது தெரியாமலே போகும். தெரியாததை நாளிதழுக்குச் சொல்கிறோம். நாளிதழ் நோயாளிக்குச் சொல்கிறது. நோயாளி மாத்திரையை நிறுத்திவிட்டுச் செடியைத் தேடுகிறாள்.

எம்சிஎஃப்-7 பற்றியும் ஒரு சொல். 1970இல் டெட்ராய்ட் நகரில், நோய் முற்றிய 69 வயதுக் கன்னியாஸ்திரி ஒருவரின் நுரையீரல் உறை நீரிலிருந்து பெறப்பட்ட உயிரணுக்கள் அவை. ஹார்மோன் ஏற்பி குறித்து நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி அந்த ஒரு பெண்ணின் கொடை. அவ்வுயிரணுக்களை வளர்க்கும் ஊடகத்தில் அமிலத்தன்மை காட்டுவதற்காகச் சேர்க்கப்படும் ஃபீனால் சிவப்பு, ஈஸ்ட்ரோஜனைப் போலச் செயல்படும் என்று இல்லினாய் ஆய்வாளர்கள் 1986இல் காட்டினார்கள். அச்சாயத்தில் கலந்திருக்கும் மாசுப் பொருளே காரணம் என்று பின்னர் தெரிந்தது. கன்றுக்குட்டிச் சீரத்திலும் ஹார்மோன் உண்டு. கரித்தூள் கொண்டு அதை நீக்க வேண்டும். ஹார்மோன் சார்ந்த வளர்ச்சியை ஆராய்வதாகச் சொல்லும் ஆய்வேட்டில் சிவப்பு ஊடகமும் கரித்தூள் படாத சீரமும் இருந்தால், அங்கே ஹார்மோன் இல்லாத ஒப்பீட்டுக் குழு என்று ஒன்றே இல்லை. வாய்மொழித் தேர்வுகளில் இந்தக் கேள்வி எழுந்து நான் கேட்டது அரிது. ஒரு கருத்தரங்கில் நான் இதைக் கேட்டபோது, தலைமை வகித்த மூத்த பேராசிரியர், ‘எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்’ என்று விடையளித்துவிட்டு அடுத்த உரைக்கு மணியடித்தார். நாற்பதாண்டு முன் அறிந்த ஒன்றை எல்லோரும் புறக்கணிக்கிறார்கள் என்ற ஒப்புதல் வாக்குமூலமாகவே அதை நான் குறித்துக்கொண்டேன்.

மேலைநாட்டார் இதில் தூயவர் என்று எவரும் எண்ண வேண்டாம். ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் இரண்டாம் வடிவமான பீட்டா 1996இல் கண்டறியப்பட்டது. அது மார்பகத்தில் எங்கே இருக்கிறது, நல்லதா கெட்டதா என்று இருபதாண்டுகள் கட்டுரைகள் குவிந்தன, ஒன்றுக்கொன்று முரண்பட்டன. 2017இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் அப்புரதத்தைத் தேடப் பயன்பட்ட பதின்மூன்று எதிர்ப்பொருள்களை எடுத்துச் சோதித்தார்கள். ஒன்றே ஒன்றுதான் நம்பத்தக்கதாக இருந்தது. அந்த ஒன்றைக் கொண்டு பார்த்தபோது, மார்பகத்திலும் மார்பகப் புற்றிலும் அப்புரதம் இருப்பதற்கான சான்றே கிடைக்கவில்லை. அங்கே இல்லாததைக் கண்டார்கள். இங்கே இருப்பதைக் காணாமல் விட்டோம். நோய் ஒன்றே. ஆனால் அவர்கள் சோதித்துப் பார்த்து வெளியிட்டார்கள். நாம் இன்னும் தொகுத்துப் பார்க்கவே தொடங்கவில்லை.

பணமில்லை என்பது நம் வழக்கமான விடை. ஓரளவு உண்மை, பெரும்பகுதி சாக்கு. மார்பகத்தை ஃபார்மலினில் இடுமுன் கட்டியின் குறுக்கே கத்தியால் ஒருமுறை கீறிவிடுவதற்கு என்ன செலவு? அறுவை முடிந்த நேரத்தையும் ஃபார்மலினில் இட்ட நேரத்தையும் சீட்டில் எழுதுவதற்கு ஒரு பேனா போதும். சிவப்பில்லாத ஊடகத்துக்காகும் கூடுதல் செலவு ஒரு முதுநிலை ஆய்வகத்தின் டாக்கிங் மென்பொருள் உரிமத்தைவிடக் குறைவு. ஆய்விதழில் கட்டுரை வந்தால்தான் முனைவர் பட்டம் என்ற கட்டாயத்தை மானியக்குழு 2022ஆம் ஆண்டு விதிகளில் நீக்கிவிட்டது. அதைக் காட்டி ‘நெருக்கடி’ என்று சொல்லும் வாய்ப்பும் குறைந்துபோயிற்று. பல பல்கலைக்கழகங்கள் தம் விதியில் அதை இன்னும் பிடித்து வைத்திருக்கின்றன என்பது வேறு கதை.

இந்தியாவில் இப்புரதங்களை ஒட்டிக் கேட்கத்தக்க அசல் கேள்விகள் இல்லாமலும் இல்லை. அதே டாட்டா மருத்துவமனையில் ராஜேந்திர பத்வேயும் குழுவினரும் அறுவைக்குச் சில நாட்களுக்குமுன் ஒரே ஒரு புரோஜெஸ்டிரோன் ஊசி போட்டால் என்ன ஆகும் என்று ஏறத்தாழ 1000 பெண்களிடம் சீரற்ற ஒதுக்கீட்டு முறையில் சோதித்து, 2011இல் வெளியிட்டார்கள். மொத்தத்தில் குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை. நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருந்தவர்களிடம் நன்மை தென்பட்டது. உட்குழு முடிவு என்பதால் எச்சரிக்கையுடன்தான் ஏற்க வேண்டும். எனினும் நான்காண்டு கழித்து, 2015இல், புரோஜெஸ்டிரோன் ஏற்பி ஈஸ்ட்ரோஜன் ஏற்பியோடு இணைந்து, அது டிஎன்ஏவில் அமரும் இடங்களையே மாற்றியமைக்கிறது என்று கேம்பிரிட்ஜ், அடிலெய்டு ஆய்வாளர்கள் காட்டியபோது, மும்பையில் மலிவான ஊசி கொண்டு கேட்கப்பட்ட கேள்வி எவ்வளவு கூர்மையானது என்பது விளங்கிற்று. அதைத் தொடர்ந்து செல்ல நம் பல்கலைக்கழகங்களில் எத்தனை பேர் முன்வந்தோம்?

இன்னொன்று: ஹார்மோன் உற்பத்தியைத் தடுக்கும் அரோமட்டேஸ் தடுப்பான்களை நெடுநாள் உட்கொண்ட பெண்களில், ஏற்பியின் 537, 538ஆம் இடங்களில் ஓர் அமினோ அமிலம் மாறி, ஹார்மோனே இல்லாமல் ஏற்பி தானே இயங்கத் தொடங்குகிறது. பன்னிரண்டாம் சுருளை அந்த மாற்றம் செயல்படும் நிலையில் பூட்டி வைக்கிறது. 2013க்குப்பின் உலகெங்கும் இது ஆராயப்படுகிறது. இம்மாற்றம் கண்டவர்களுக்கென எலாசெஸ்ட்ரன்ட் என்ற மாத்திரை 2023இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. சிடிகே தடுப்பானாகிய பால்போசிக்லிப்பின் காப்புரிமை இந்தியாவில் 2023 ஜனவரியில் முடிந்து, உள்நாட்டு நிறுவனங்களின் மாத்திரைகள் மிகக் குறைந்த விலைக்கு வந்துவிட்டன. இனி நம் நாட்டில் இம்மருந்தை உட்கொள்ளும் பெண்களின் எண்ணிக்கை பெருகும். அவர்களிடம் எதிர்ப்பு எவ்வழியில் உருவாகிறது என்பது நாமே கண்டறிய வேண்டியது. செடிச் சாற்றில் ஊதா நிறம் அளந்துகொண்டிருக்கும் நேரத்தில் இதைச் செய்யலாம். ஆனால் இவை அனைத்துக்கும் நுழைவாயில் அந்த முதல் சோதனைதான். வாயிற்காவலர் பொய் சொன்னால் உள்ளே நடக்கும் எதுவும் பயனில்லை.

ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தப் பழைய வாக்கியத்தை எழுதப் போகிறீர்கள் என்றால், அதற்குமுன் நீங்கள் மேற்கோள் காட்டும் மூன்று கட்டுரைகளையும் திறந்து பாருங்கள்: எல்லை 1 விழுக்காடா, 10 விழுக்காடா, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி அற்று, புரோஜெஸ்டிரோன் ஏற்பி மட்டும் உள்ள கட்டிகள் எத்தனை விழுக்காடு, நோயற்ற நாளங்கள் நிறமேறினவா என்று எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா. இரண்டாவது எண் ஐந்துக்கு மேல் இருந்தால் அக்கட்டுரையின் முதல் எண்ணை நம்பாதீர்கள். உங்கள் பல்கலைக்கழகத்தில் கடந்த பத்தாண்டுகளில் ஏற்கப்பட்ட ஆய்வேடுகள் பெரும்பாலும் சோத்கங்கா தளத்திலேயே கிடைக்கின்றன. நான் பார்க்கத் தொடங்கிவிட்டேன். சேர்ந்து எண்ண விரும்புவோர் கீழே தெரிவியுங்கள். அட்டவணையின் பத்தித் தலைப்புகளை முதலில் நாம் ஒப்புக்கொள்வோம். ‘செல்லாது’ என்ற பத்தி அதில் கட்டாயம் இருக்கும்.